கள்ளக் கணக்கும் கள்ளப் பழியும்

"அரசாங்கக் காப்பீட்டை உறிஞ்சுகிறவர்கள் யார் தெரியுமா? பிள்ளைகளைப் பெற்றுக் குவிக்கும் அந்தக் கூட்டம்தான்." இப்படியொரு பேச்சைத் தேநீர்க் கடையிலும் கேட்கிறோம், கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளிலும் படிக்கிறோம். மருத்துவமனை வரிசையில் தொப்பியோ புர்காவோ தென்பட்டால், சிலருடைய பார்வையே அதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. சான்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே, சான்று இருக்கும் இடத்திலிருந்து நாம் தொடங்குவோம்.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. இத்திட்டம் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இறந்துவிட்டதாக ஏற்கெனவே பதிவான 3,446 பேரின் பெயரில் மீண்டும் சிகிச்சைக் கணக்கு காட்டப்பட்டு, 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருப்பதாக அது கூறுகிறது. ஒரே கைப்பேசி எண்ணில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

இறந்தவர் எழுந்து வந்து பில் எழுதினாரா? இத்திட்டத்தில் நோயாளியின் கையில் ஒரு ரூபாய்கூட வருவதில்லை. முன் அனுமதி கேட்பது மருத்துவமனை; சிகிச்சை விவரத்தைப் பதிவேற்றுவது மருத்துவமனை; பணத்தைப் பெறுவதும் மருத்துவமனையே. கோடிக்கணக்கில் கள்ளக் கணக்கு எழுத வேண்டுமானால் அட்டை மட்டும் போதாது. எழுதுகோலும் முத்திரையும் கையில் இருக்க வேண்டும். வரிசையில் நிற்கும் ஏழைக்கு அவை ஏது?

2024 நவம்பரில் குஜராத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மெஹ்சானா மாவட்டக் கிராமம் ஒன்றில் இலவச மருத்துவ முகாம் நடத்திய தனியார் மருத்துவமனை, அங்கிருந்து 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துச் சென்றது. அவர்களில் 7 பேருக்கு இதயக் குழாயில் அடைப்பு நீக்கும் சிகிச்சை செய்யப்பட்டது. இருவர் இறந்தனர். காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையற்ற சிகிச்சை செய்யப்பட்டது என்பதே வழக்கு. அந்தக் கிராமத்து ஏழைகள் அட்டையால் எதையும் திருடவில்லை. அந்த அட்டையே அவர்களுக்கு எமனாக வந்தது.

அந்த வழக்கில் கைதானவர்களின் மதம் என்ன என்று எவரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. நாம் கேட்பது ஒன்றுதான்: அதே நீதி எங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது? 2020இல் டெல்லி நிஜாமுத்தீனில் நடந்த ஒரு கூட்டத்தைக் காட்டி, நோயைப் பரப்பியது ஒரு சமுதாயமே என்று பழி சுமத்தினார்கள். காய்கறி விற்றவர்கள்கூடத் தெருவிலிருந்து விரட்டப்பட்டார்கள். அக்கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. அவர்கள் பலிகடாக்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவே தெரிகிறது என்றும் கூறியது. பழி காட்டுத்தீயாய்ப் பரவியது. தீர்ப்போ எத்தனை காதுகளை எட்டியது?

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! இனி நம் பக்கம் திரும்புவோம். அன்னிசா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் இறங்கிய பின்னணியைத் தஃப்சீர் நூல்கள் விளக்குகின்றன. மதீனாவில் ஒருவன் கவச உடையைத் திருடினான். அவன் முஸ்லிம்களோடு இருந்தவன். பழியை ஒரு யூதர் மீது போட்டான். அவனுடைய குலத்தார் தம் ஆளுக்காகப் பரிந்து பேச வந்தனர். அல்லாஹ்வோ அந்த யூதரின் குற்றமின்மையை வெளிப்படுத்தி, மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாமெனத் தடுத்தான். குற்றமற்றவர் மீது பழி சுமத்துவதும், நம்மவன் என்பதற்காகக் கள்வனைக் காப்பதும் ஒரே அநீதியின் இரு கைகள்.

அப்படியானால் நம் வீடுகளிலும் கேள்வி எழ வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து மாதந்தோறும் பணம் வரும் வீட்டுக்கு அந்த வருமானச் சான்று எப்படிக் கிடைக்கிறது? உறவினரின் அட்டையை இரவல் வாங்கிச் சிகிச்சை பெறுவது ஹலாலா? "எல்லாரும்தானே செய்கிறார்கள்" என்பது மறுமையில் செல்லுபடியாகும் பதிலா?

கைபர் போருக்குப் பின் அம்பு பட்டு இறந்த ஒருவருக்குச் சொர்க்கம் கிடைத்துவிட்டது என்று தோழர்கள் வாழ்த்தினர். பங்கிடப்படும் முன்பே பொதுப்பொருளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர்மீது நெருப்பாய் எரிகிறது என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்துரைத்தார்கள். அதைக் கேட்டு, தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார் இன்னொருவர். பொதுச் சொத்து அமானிதம். அதில் செருப்பு வாருக்கும் கணக்கு உண்டு.

எனவே நம் நிலைப்பாடு தெளிவானது. எவனோ எழுதிய கள்ளக் கணக்கை எங்கள் தலையில் கட்டாதீர்கள். அதை ஒருபோதும் ஏற்க மாட்டோம். எங்களில் ஒருவன் பொதுப்பணத்தில் கைவைத்தால், அவன் பெயரைச் சொல்லி முதலில் கண்டிப்பவர்களாக நாங்களே இருப்போம்.

நீதியை நமக்காகவும் நமக்கு எதிராகவும் நிலைநாட்டும் துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!