நெட் இல்லாமல் மெயில்: ‘சென்ட்’ கொடுத்தால் போய்விட்டதா?

வேலைக்கு விண்ணப்பிக்க இன்று இரவு 12 மணிதான் கடைசி நேரம். ஓடும் ரயிலில் டவர் போய்விட்டது. மெயிலை டைப் செய்து, ரெஸ்யூமை இணைத்து ‘சென்ட்’ கொடுத்தாச்சு. எரர் எதுவும் வரவில்லை. அப்போ மெயில் போய்விட்டதா?

இல்லை. அது உங்கள் கருவியின் அவுட்பாக்ஸில் காத்திருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

இது புது விஷயம் இல்லை. டயல்-அப் காலத்தில் நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறும் என்பதால், மெயில்களை முன்கூட்டியே டைப் செய்து வைத்துக்கொண்டு, லைன் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிட்டுத் துண்டிப்பார்கள். அதே முறைதான் இப்போதும். அனுப்பும் மெயில் முதலில் கருவியில் சேமிக்கப்படும். நெட் வந்ததும் சர்வருக்குப் போகும்.

ஆன் செய்வது எப்படி?

கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் ‘சீ ஆல் செட்டிங்ஸ்’, அதில் ‘ஆஃப்லைன்’ பகுதிக்குச் செல்லுங்கள். ‘எனேபிள் ஆஃப்லைன் மெயில்’ என்பதை டிக் செய்து, 7, 30, 90 நாட்களில் எத்தனை நாள் மெயில்கள் வேண்டும் என்று தேர்வு செய்து சேவ் செய்யுங்கள். இதை நெட் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இன்காக்னிட்டோவில் இது வேலை செய்யாது. அலுவலக அக்கவுன்ட் என்றால் அட்மின் அனுமதியும் தேவைப்படலாம்.

போன் ஆப்பில் இன்னும் சுலபம். ஏற்கெனவே சிங்க் ஆன மெயில்களைப் படிக்கலாம், பதில் எழுதலாம். அனுப்பியது அவுட்பாக்ஸில் நிற்கும்.

எங்கே சிக்கல்?

லேப்டாப்பில் ‘சென்ட்’ கொடுத்துவிட்டு உடனே மூடிப் பையில் வைத்தால், மெயிலும் அதற்குள்ளேயே இருக்கும். போனில் நெட் வந்தாலும் அது அங்கே தெரியாது. லேப்டாப்பைத் திறந்து, நெட்டில் இணைத்து, ஜிமெயிலைத் திறந்தால்தான் கிளம்பும்.

அடுத்தது பிரைவசி. ஆஃப்லைன் என்றால் உங்கள் மெயில்களின் நகல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்று அர்த்தம். பிரவுசிங் சென்டர், நண்பரின் லேப்டாப், பலர் பயன்படுத்தும் ஆபீஸ் சிஸ்டம் ஆகியவற்றில் இதை ஆன் செய்யவே வேண்டாம். சொந்த லேப்டாப்பிலும், லாக்-அவுட் செய்யும்போது தரவை நீக்கும் ஆப்ஷனைத் தேர்வு செய்வது நல்லது.

என்ன செய்யலாம்?

பயணத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும், சிக்னல் சரியில்லாத ஊரில் இருப்பவர்களுக்கும் இது நிஜமாகவே உதவும் வசதி. நிதானமாக எழுத, பழைய மெயிலைத் தேடி எடுக்க, பதில்களைத் தயார் செய்ய தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் கடைசி நேர விண்ணப்பத்துக்கு இதை நம்பக் கூடாது. நீங்கள் பட்டனை அழுத்திய நேரத்தை நிறுவனம் பார்க்காது. மெயில் அவர்களுக்கு வந்த நேரத்தைத்தான் பார்க்கும்.

எனவே டவர் கிடைத்ததும் முதல் வேலையாக அவுட்பாக்ஸ் காலியா என்று பாருங்கள். ‘சென்ட்’ ஃபோல்டரில் மெயில் வந்திருந்தால்தான் அது உங்கள் கையை விட்டுக் கிளம்பியிருக்கிறது.