அம்மாவுக்கு நான் அப்பா!

நேபாளம் போக என்ன வேண்டும்?

'ஆதார் இருந்தா போதும் சார்... பக்கத்து ஊருக்குப் போற மாதிரிதான்!' என்றார் எங்கள் தெரு டிராவல்ஸ்காரர். வாயில் பாக்கு, கையில் கால்குலேட்டர். இந்த இரண்டும் சேர்ந்திருக்கும் மனிதரை நம்பாமல் இருக்க முடியுமா? நம்பினேன்.

கிளம்புவது ஐந்து பேர். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 62, நான், என் மனைவி, 9 வயது வாரிசு. போவது இமயமலையை ரசிக்க என்று நான் ஆபீஸ் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டாலும், உண்மையில் இது அம்மாவின் பயணம். முக்திநாத்! திவ்யதேசம் 108-ல் அம்மா இதுவரை 92 முடித்திருக்கிறாள். ஒரு பழைய டைரியில் தேதி போட்டு டிக் அடித்து வைத்திருக்கிறாள். கடைசி இரண்டு, திருப்பாற்கடலும் பரமபதமும், பூமியில் இல்லை. அங்கே போக எந்த ஐ.டி. கார்டும் தேவையில்லை. முக்திநாத்துக்குத் தேவை. அங்கேதான் சிக்கல்.

என் மனைவி பேங்கில் வேலை பார்க்கிறாள். எதையும் அடிக்குறிப்பு வரை படிக்கிற ஜாதி. ராத்திரி பத்தரை மணிக்கு செல்போனும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, ஆதார் செல்லாதாம்."

"எங்கே?"

"நேபாளத்துக்கு. 15 வயசுக்குக் கீழே, 65-க்கு மேலே இருந்தாத்தான் ஆதார், பான் கார்டு, லைசென்ஸ் எல்லாம் ஒத்துக்குவாங்களாம். நடுவுல இருக்கறவங்களுக்கு பாஸ்போர்ட், இல்லேன்னா வோட்டர் ஐ.டி. உள்துறை அமைச்சகம் 2019 ஜனவரியிலேயே விளக்கமா சொல்லியிருக்கு."

மளமளவென்று கணக்குப் போட்டேன். பி.காம். படித்தது இதற்காவது உதவட்டுமே! அப்பா பாஸ். பையன் பாஸ். எனக்கும் மனைவிக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது. அம்மா...?

அறுபத்தைந்து ஆகவில்லையே என்று ஒரு பெண்மணி வருத்தப்பட்டதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். அப்பாதான் சமாதானம் சொன்னார்: "விடு! கவர்ன்மென்ட் கணக்குல நீ இன்னும் சின்னப் பொண்ணு."

பாஸ்போர்ட்டே எடுத்துவிடலாமே என்பீர்கள். டிக்கெட் போட்டாகிவிட்டது சார், இருப்பது மூன்று வாரம். அதோடு நம்மூர் இனிஷியல் விவகாரம் வேறு. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவின் இனிஷியல் தாத்தாவுடையது, அப்புறம் அப்பாவுடையது. ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. பாஸ்போர்ட்காரர்களோ குடும்பப் பெயர் என்ன என்று தனியாக ஒரு கட்டம் போட்டுக் கேட்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து ஏர்போர்ட்டிலும் ஓட்டலிலும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா கூட இருந்தால் அவர்தான் 'யெஸ்' என்கிறார்.

இந்த பாஸ்போர்ட் நோட்டு ஒன்றும் வேதகாலத்துச் சமாசாரம் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து 1920-ல் பாரிஸில் உட்கார்ந்து, எல்லா நாடும் ஒரே மாதிரி 32 பக்கப் புத்தகமாகக் கொடுக்கலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். அதற்கு முன் ஐரோப்பாவில் பல எல்லைகளைக் கையை வீசிக்கொண்டே தாண்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் இங்கிலாந்து மன்னருக்கு பாஸ்போர்ட் கிடையாது. அந்த ஊர் பாஸ்போர்ட் எல்லாம் அவர் பெயரால் கொடுக்கப்படுவது. தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியுமோ? இதை அம்மாவிடம் சொன்னேன். "அவர் முக்திநாத் போறாரா?" என்று கேட்டாள்.

ஆக, வோட்டர் ஐ.டி. இது சேஷன் புண்ணியம். 1993-ல் அவர் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது ஆரம்பித்தது. கள்ள ஓட்டைத் தடுக்க வந்த அட்டை, நேபாள எல்லையைத் திறக்கும் சாவியாகவும் ஆகிவிட்டது.

பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே, அந்துருண்டை வாசனையோடு அம்மாவின் கார்டு கிடைத்தது. வெற்றி! போட்டோ கூட சுமாராக அம்மா மாதிரியே இருந்தது. பெயர் சரி. வயது சரி. தந்தை பெயர்...

என் பெயர்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். என் பெயரேதான். தேர்தல்காரர்கள் மேல் பாய்வதற்கு மூச்சை இழுத்த அந்த விநாடியில் ஞாபகம் வந்து தொலைத்தது. வீடு மாறியபோது அம்மாவுக்காகப் படிவம் பூர்த்தி செய்தது நான்தான். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே! கடைசி ஓவரில் எந்தக் கட்டத்தில் எதை எழுதினேனோ, அச்சடித்தவர்கள் எழுத்துப் பிசகாமல் அச்சடித்திருக்கிறார்கள்.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியும்டா."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்கப்பா உன்னைத் திட்டுவார். ஓட்டுப் போட விடறாங்க, அப்புறம் என்ன?"

பக்கத்து அறையிலிருந்து அப்பா இப்போது திட்டினார். வட்டியோடு.

இன்னொரு வழியும் இருந்தது. குடும்பமாகப் போனால், பெரியவர் ஒருத்தரிடம் பாஸ்போர்ட்டோ வோட்டர் ஐ.டி.யோ இருந்தால் போதும். மற்றவர்கள் போட்டோ உள்ள ஏதாவது ஒன்றைக் காட்டி, உறவையும் நிரூபிக்க வேண்டும். உறவை எதை வைத்து நிரூபிப்பது? ரேஷன் கார்டு அவர்களுக்குத் தனி, எங்களுக்குத் தனி. கையில் இருக்கிற ஒரே ஆதாரமோ நான் அம்மாவுக்கு அப்பா என்கிறது.

படிவம் 8 போட்டோம். திருத்தத்துக்கு அதுதான் படிவம். விசாரிக்க வந்த அம்மணி கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்க டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "வந்துடும் சார்" என்றார். கிளம்புகிற நாள்தான் வந்தது, கார்டு வரவில்லை.

ரயிலில் கோரக்பூர் வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் சுனௌலி எல்லை. ஜீப்பில் போகும்போது பையிலிருந்து கார்டை எடுத்துப் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாள். "என்னை நிறுத்திட்டா நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன். தீர்த்தம் மட்டும் கொண்டு வாங்க" என்றாள். கிரிக்கெட்டைக் கண்டுபிடித்தவனை மனதாரச் சபித்தேன்.

எல்லை வந்தது. ஒரு பெரிய வளைவு. அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் சைக்கிள் ரிக்‌ஷா, மூட்டை தூக்குபவர்கள், ஸ்கூல் பிள்ளைகள், ஒரு ஆடு. 1950 ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் இரண்டு நாட்டு ஜனங்களுக்கும் விசா கிடையாது. ஜனம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நாங்களும் நடந்தோம். காவலுக்கு நின்றவர் எங்களைப் பார்த்து, போங்க போங்க என்று கையை ஆட்டினார்.

அவ்வளவுதான்!

எனக்கு நிம்மதியில் கால் துவண்டது. அம்மாவுக்கோ மகா ஏமாற்றம். மூன்று வாரம் தூங்காமல் காப்பாற்றிய கார்டு. "கேட்கவே இல்லையேடா! நாளைக்கு எவனாவது, இவ எப்படி உள்ளே வந்தான்னு கேட்டா?" என்றவள், நான் தடுப்பதற்குள் விடுவிடுவென்று திரும்பிப் போய் அவரிடம் கார்டை நீட்டிவிட்டாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். கார்டில் ஒரு பக்கம் இங்கிலீஷும் இருக்கிறது, பாழாய்ப் போனது! என்னைக் கூப்பிட்டு என் கார்டையும் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. என் தலையைப் பார்த்தார்... கொஞ்சம்தான் நரைத்திருக்கிறது. அம்மாவைப் பார்த்தார். முழுக்க நரை.

"மாதாஜி, யே ஆப்கே பிதாஜி ஹை?"

அம்மாவுக்கு ஹிந்தியில் தெரிந்த வார்த்தைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஆனால் 'பிதா' புரியாதா? ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள்:

"ஹாங்."

மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். மாமனார் வயசில்லாத ஒருத்தனுக்கு மாமனார் மரியாதை! அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்போ நான் யாருடா?" என்று பொகாரா போகிற வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

நேபாளக் கடிகாரம் நம்மைவிடப் பதினைந்து நிமிஷம் முந்தி ஓடுகிறது. முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேலே. அங்கே 108 தாரையாகத் தண்ணீர் கொட்டுகிறது, பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று. நான் பதினொன்றாவதோடு ஓடி வந்துவிட்டேன். அம்மா நூற்றெட்டும் நனைந்துவிட்டு, உதடு நீலமாக, பல் கிடுகிடுக்க, டைரியைக் கேட்டு வாங்கி 93-க்கு நேரே டிக் அடித்தாள்.

ஊர் திரும்பினால் புது கார்டு வந்து காத்திருக்கிறது. கணவர் பெயர் என்று போட்டு அப்பா பெயர், அட்சரம் பிசகாமல். அப்பா அதை வாங்கித் தன் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். பழைய கார்டைக் கிழித்துப் போடலாம் என்று தேடினேன். காணோம்.

பூஜை அலமாரியில், அங்கிருந்து கொண்டுவந்த சாளக்கிராமத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறாள்.