பாகத்துக்குப் பணம் தருகிறோம், பார்ப்பதற்குத் தருவதில்லை

வரி, உரிமம், சரக்கு விலை பற்றியெல்லாம் பேசும் இடத்தில் வேன் இன்ஜினைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். மூட்டையை வாடிக்கையாளர் வாசலில் கொண்டுபோய் இறக்காவிட்டால் மளிகை வியாபாரமே நடக்காது என்று ஆகிவிட்ட பிறகு, வேனும் தராசைப் போல ஒரு கடைச் சாமான்தான். தராசில் 50 கிராம் வித்தியாசம் வந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுகிறோம். வேனில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் ஒரு மாதம் ஓடினாலும், "கொஞ்சம் திணறுது, பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

நம் கடைவீதிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்னி வேனை எடுத்துக்கொள்வோம். 1984-இல் வந்து 2019-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி, 796 சி.சி., மூன்று சிலிண்டர். அதில் ஒன்று எரியாவிட்டால் போவது மூன்றில் ஒரு பங்கு பலம் மட்டுமல்ல. செத்துக் கிடக்கும் சிலிண்டரையும் மற்ற இரண்டும் சேர்த்து இழுக்க வேண்டும். நான்கு மூட்டை அரிசியோடு மேம்பாலம் ஏறும்போது முதல் கியருக்கு வந்துவிடுவது இதனால்தான். எரியாத பெட்ரோல் என்ன ஆகிறது? கொஞ்சம் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலைக் கெடுக்கிறது. மிச்சம் புகைக்குழாய் வழியே போய், சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. அது உருகி அடைத்துக்கொண்டால் பிளக் செலவில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் பல மடங்காகிவிடும். புதிய வண்டிகளில் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் சரக்கை இறக்கிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நம் கடைவீதியில் ஒரு மளிகைக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறோம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வேன் குதிக்க ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள். போகவில்லை. காயில் மாற்றினார்கள். போகவில்லை. இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பிறகு பெட்ரோல் பம்ப் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பில் உண்டு. சீசன் முழுக்க வாடகை ஆட்டோவில் சரக்கு போனது. கடைசியில் பார்த்தால் இரண்டாம் சிலிண்டர் இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரை எலி கடித்து வைத்திருக்கிறது. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி டார்ச் அடித்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. கிட்டங்கிக்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிற நம் தொழிலில், எலி முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வியாபாரிகளில் பலர், "பார்க்கத்தானே செய்தாய், அதற்கென்ன காசு?" என்று கேட்கிறவர்கள். ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகச் சோதித்து, அறுந்த ஒயரை ஒட்டி டேப் சுற்றிக் கொடுப்பவனுக்கு இருநூறு ரூபாய் தரக் கை வராது. அதே ஆள் புதுக் காயிலைப் பெட்டியோடு காட்டினால் இரண்டாயிரம் எண்ணிக் கொடுத்துவிடுவோம். அப்படியிருக்க அவன் எதைச் செய்வான்? பாகத்தை மாற்றித்தான் பிழைப்பான். நாம் கூலி கொடுக்க மறுக்கும் வேலை எதுவோ அது நடப்பதில்லை.

இருப்பில் ஒரு மூட்டை குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? உடனே கடைப் பையனைப் பிடித்துக்கொள்வதில்லை. முதலில் பில்லைப் பார்க்கிறோம், பிறகு இறக்கிய சிட்டை, பிறகு வெளியே போன சரக்கு, கடைசியாகத்தான் ஆள். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது பின்னால். இன்ஜினுக்கும் அதே வரிசைதான். பெட்ரோல் இன்ஜின் எரிய மூன்று வேண்டும்: பொறி, சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், அழுத்தம். இதில் எது, எந்தச் சிலிண்டரில் இல்லை என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் டிரைவரிடம் எப்போது மிஸ்ஸாகிறது என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும். நின்ற இடத்தில் ஆடிவிட்டு, ஆக்சிலேட்டரை மிதித்ததும் சரியாகிவிடுகிறது என்றால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது. வெடித்த ரப்பர் குழாயைத் தேட வேண்டும். நிற்கும்போது நன்றாக இருந்து, லோடோடு மேடு ஏறும்போது மட்டும் விக்குகிறது என்றால் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு, அல்லது பலமிழந்த காயில், தேய்ந்த பிளக். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் என்றால் பிளக் ஒயரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும். பழைய வண்டியில் இருட்டில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், கீறல் விட்ட ஒயரில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது எந்தச் சிலிண்டர் என்பது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, வண்டியை நின்றபடி ஓடவிட்டு, இன்ஜெக்டர் பிளக்கு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். நல்ல சிலிண்டருடையதைக் கழற்றினால் ஓட்டம் இன்னும் மோசமாகும். செத்த சிலிண்டருடையதைக் கழற்றினால் எந்த மாற்றமும் இராது. கார்புரேட்டர் வண்டியில் பிளக் ஒயரைக் கழற்றுவது பழைய வழக்கம். அதை ரப்பர் பிடியுள்ள குறடு கொண்டு, கழற்றிய முனையைத் தரையோடு சேர்த்து வைத்துத்தான் செய்ய வேண்டும், வெறுங்கையால் கூடாது. 2013-க்குப் பிறகு வந்த பெட்ரோல் வண்டிகளில் ஸ்கேனர் போட்டால் அதுவே சொல்லும்: பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0302 என்றால் இரண்டாவது, பி 0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்று இல்லாமல் மாறி மாறி.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "ஸ்கேனர் காயில் என்று காட்டுகிறது" என்பார்கள். ஸ்கேனர் சொல்வது இந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதைத்தான், ஏன் என்பதல்ல. அதைக் கண்டுபிடிக்கக் காசில்லாத வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பிளக் தலையிலும் ஒரு காயில் உள்ள வண்டியானால், முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுங்கள், இரண்டாவதை முதலில் மாட்டுங்கள். நோய் இரண்டாவதற்குப் போனால் காயில்தான் குற்றவாளி. முதலாவதிலேயே நின்றால் காயில் நிரபராதி. பிறகு பிளக்கை இதே போல் மாற்றிப் பார்க்க வேண்டும். புதுச் சாமான் ஒன்றுகூட வாங்காமல் இரண்டு தீர்ப்பு கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் காயில் பில் நீட்டினால், "மாற்றி மாட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றினால் அதன் நிறத்தையும் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு வழியே ஆயில் வருகிறது, சுண்ணாம்பு வெளுப்பு என்றால் பெட்ரோல் போதவில்லை அல்லது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

காஸ் மாட்டிய வண்டிக்கு ஒரு சுலபமும் ஒரு சிக்கலும். பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். காஸில் மட்டும் விக்கினால் காஸ் பக்கத்துக் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காஸைப் பற்றவைக்கப் பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும், ஆகவே தேய்ந்த பிளக் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வருஷக்கணக்காகக் காஸிலேயே ஓடிய வண்டியில் வால்வு இடைவெளியையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியை எடுத்தவுடன் திணறினால் இதையும் நினைவில் வையுங்கள். டீசல் வண்டிக்குப் பிளக்கும் காயிலும் கிடையாது. அந்தக் கதை வேறு.

பொறியும் பெட்ரோலும் சரி என்று தெரிந்த பிறகே கம்ப்ரஷன் கேஜ். மாருதி வண்டிகளில் சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட் மேல்தான் சந்தேகம் வலுக்கும். இந்த அளவுகளைக் காகிதத்தில் எழுதி வாங்காமல், "இன்ஜினை இறக்கணும்" என்ற சொல்லுக்கு எந்த வியாபாரியும் தலையாட்டக் கூடாது. தேய்ந்த பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் சங்கத்துக்கு எங்கள் யோசனை இது. ஒரு கம்ப்ரஷன் கேஜ், ஒரு ஸ்கேனர், ஒரு மல்டி மீட்டர் ஆகிய மூன்றையும் சங்கப் பணத்தில் வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம். உறுப்பினர் எடுத்துப்போய்த் தன் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். வாடகை வேண்டாம், நோட்டில் கையெழுத்தும் திருப்பித் தரும் தேதியும் போதும். கூடவே, கடைவீதி மெக்கானிக்குகளைக் கூப்பிட்டுப் பேசி, சோதனைக்கு மட்டும் ஒரு கூலி என்று நிர்ணயித்து அதை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாம். பாகம் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்தக் கூலி உண்டு. அடுத்த செயற்குழுவில் இதை வைக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறோம். அதற்குள், இன்று கடை அடைத்ததும் வேனின் முன் சீட்டைத் தூக்கி ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். எலிப் புழுக்கையோ கடித்த ஒயரோ இருந்தால், நாளை முதல் வண்டியைக் கிட்டங்கிக்கு வெளியே நிறுத்துங்கள்.