தபால் சிப்பந்திகளின் நிலைமை

கடிதம் எழுதும் வழக்கம் உலகெங்கும் அருகி வருகிறது. 1624-ம் வருஷம் முதல் கடிதங்களைச் சுமந்துவந்த டென்மார்க் தேசத்துத் தபால் ஸ்தாபனம், 2025-ம் வருஷ முடிவோடு கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. 1,500 பேர் வேலையிழப்பர் என்பதை அவ்வருஷம் மார்ச்சு மாதத்திலேயே அது பகிரங்கமாக அறிவித்தது.

நம் தேசத்திலோ ஆட்குறைப்பு ஓசையின்றி வருகிறது. நேர் நியமனத்திற்குரிய காலியிடங்களில் மூன்றிலொரு பங்கை மட்டுமே நிரப்பலாமென்று 2001-ல் மத்திய சர்க்கார் உத்தரவிட்டனர். தபால் இலாகாவிலும் அவ்வுத்தரவு பல வருஷங்கள் அமலிலிருந்தது. யாரையும் நீக்கவில்லை, ஆனால் ஓய்வு பெற்றவரின் வேலை, எஞ்சியவர் தலையில் ஏறிற்று.

இப்பாரம் கடைசியில் யார்மீது இறங்குகிறது? ஓசூரை அடுத்த பேரிகை போன்ற எல்லைப்புறப் பிரதேசங்களை நோக்கினால் விளங்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் அக்கிராமங்களில், தபால் இலாகா என்பதே கிராம டாக் சேவகர்தாம். தேசமெங்கும் அவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். அவர்கள் வகிப்பது சர்க்கார் பதவியே என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். ஆயினும் மற்றச் சிப்பந்திகளுக்குரிய சம்பள விகிதமும் பென்ஷனும் அவர்களுக்கு இல்லை. மணிக்கணக்கில் வேலையை அளந்தே படி தரப்படுகிறது. 2018-ல் திருத்திய விகிதப்படி, கிளைப் போஸ்ட்மாஸ்டருக்கு 4 மணி நேர வேலைக்கு ஆரம்பப் படி 12,000 ரூபாய், 5 மணி நேரத்துக்கு 14,500 ரூபாய், பஞ்சப்படி தனி. இதனோடு, பிழைப்புக்கு வேறு வழியும் அவருக்கு இருக்கவேண்டுமென்று விதி கூறுகிறது! இந்நிலையில் கடிதம் குறைவதன் நஷ்டம் இலாகாவின் பேரேட்டோடு நிற்குமா? அவ்வெளியவரின் அடுப்பங்கரை வரை செல்லுமன்றோ?

கடிதம் குறைந்தது மெய். வேலை குறைந்ததா என்பதே கேள்வி. சேமிப்புக் கணக்கும் செல்வமகள் கணக்கும் அவரிடமே வருகின்றன. பார்சல்களைச் சேர்ப்பிப்பவரும் அவரே. 2018-ல் தேசமெங்கும் துவங்கப்பட்ட தபால் பாங்கின் வாயிலாக, முதியவரின் கைரேகையைப் பெற்று வீட்டு வாசலிலேயே பணம் தருபவரும் அவரே. தபால் பையின் எடையை மட்டும் கொண்டு இவருடைய உழைப்பை மதிப்பது தகாது.

எத்தனை இடங்களை நிரப்பாமல் விடப்போகிறோம் என்பதைச் சர்க்கார் முன்கூட்டியே ஜனங்களுக்குக் கூறவேண்டும். புதிய வேலைகள் யாவற்றையும் சேர்த்தே சேவகரின் வேலைநேரத்தை நிர்ணயிக்க வேண்டும். முழுநேரம் உழைப்போரை இலாகாச் சிப்பந்திகளாகவே ஏற்கவேண்டும். தபால் இலாகா லாபத்துக்கென்று திறந்த கடையன்று. கோடிக் கிராமத்துக் குடிக்கும் தேசத்துக்கும் உள்ள தொடர்பு அது. அத்தொடர்பைக் காப்பவரை அரைவயிற்றில் வைப்பது சிக்கனமாகாது என்பதைச் சர்க்கார் உணர்வார்களாக.