பழையதைப் பிடுங்கும் முன்

1960களில் லண்டன் டல்லாஸ் நிறுவனம் செய்த 'ரேஞ்ச்மாஸ்டர்', கிட்டாரின் ஒலியை, முக்கியமாக மேல்ஸ்தாயியை, உயர்த்தி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் சிறு பெட்டி. அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலகர் பயன்படுத்தியது. உள்ளே ஓ.சி.44 என்ற ஒரே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, சில கண்டென்சர்கள், அவ்வளவுதான்.

இத்தகைய பழைய பெட்டி ஊமையானால் சிலர் முதலில் டிரான்சிஸ்டரையே பிடுங்குகிறார்கள். இது கூடாது என்பது என் கருத்து. ஓ.சி.44 உற்பத்தி நின்று வெகுகாலமாகிறது. ஒன்றைப் போல் இன்னொன்று ஒலிப்பதுமில்லை. காய்ந்த எலக்ட்ரோலிடிக் கண்டென்சர், அரித்த பேட்டரி முனை, தூசி படிந்த வால்யூம் கண்ட்ரோல் ஆகியவற்றை முதலில் மல்டிமீட்டரால் சோதியுங்கள். ஜெர்மானியம் சூடு தாங்காது. பற்றவைப்பதை நொடியில் முடியுங்கள்.

ரயில்வே சிக்னல் பழுதுக்கும் இதுவே விதி: சோதனை முதலில், மாற்றுவது பிறகு. கிட்டார் பழகும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமையையும் பழக்குவோம்.