ஃபால்ஸ் போட்டா பிழை போயிடுமா?

இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்களிடையே சீனியர், ஜூனியர் என்று கைமாறி வரும் மந்திரம் ஒன்று உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் வெப்பநிலையை அளந்து சீரியல் போர்ட் வழியாக அனுப்பும். கணினியில் டாட்நெட்டில் எழுதிய ஒரு ஃபார்ம், அதில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ். வந்த எண்ணை அதில் காட்ட வேண்டும், அம்புட்டுத்தான். எஃப்5 அழுத்தினால் எண் வராது. இந்தக் கண்ட்ரோலை உருவாக்கிய த்ரெட் வேறு, இப்போது தொடும் த்ரெட் வேறு, செல்லாது என்று ஒரு பிழைச்செய்திதான் வரும். உடனே சீனியர் வந்து ஃபார்ம் லோடில் ஒரு வரி சேர்ப்பார்: 'செக்ஃபார்இல்லீகல்க்ராஸ்த்ரெட்கால்ஸ்' என்பதற்கு 'ஃபால்ஸ்'. பிழை காணோம்! அவருக்கு ஒரு டீ.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா மக்களே?

விண்டோஸில் ஒரு கண்ட்ரோலை எந்த த்ரெட் உருவாக்கியதோ, அதற்குத்தான் அது சொந்தம். விசை அழுத்தியது, மவுஸ் நகர்ந்தது, திரையில் மறுபடி வரைய வேண்டியது என எல்லாச் செய்தியும் அந்த த்ரெட்டின் வரிசையில்தான் வந்து நிற்கும். சீரியல் போர்ட்டின் 'டேட்டாரிசீவ்ட்' நிகழ்வோ வேறொரு த்ரெட்டில் ஓடுகிறது. ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். சில நேரம் சரியாக இருக்கும். சில நேரம் எழுத்து காணாமல் போகும், ஃபார்ம் உறைந்து நிற்கும். டேட்டாகிரிட்வியூ என்றால் இன்னும் விசேஷம்: வரைந்துகொண்டிருக்கும்போதே அதன் தரவை வேறு த்ரெட் மாற்றினால், கட்டம் முழுக்க வெள்ளையாகி மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழும். பிறகு அந்த கிரிட் தானாகத் திரும்பாது.

"எக்ஸியா ஓட்டினா பிழையே வரலியே மச்சி" என்பது அடுத்த வாதம். வராதுதான். 2002, 2003இல் வந்த டாட்நெட் 1.0, 1.1இல் இந்தச் சோதனையே இல்லை; தப்பு சத்தமில்லாமல் நடந்தது. 2005இல் 2.0 வந்தபோதுதான் சேர்த்தார்கள். அதுவும் டீபக்கர் இணைந்திருந்தால் மட்டுமே தானாக இயங்கும். ஆக, எக்ஸி காட்டும் அமைதி எதற்கும் சாட்சி அல்ல. ஃபால்ஸ் போட்டால் கண்ட்ரோல் விஷுவல் ஸ்டுடியோ 2003 காலத்தில் போலவே நடக்கும் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே அப்போது சொன்னது. அதாவது பழைய ஓட்டை வீட்டுக்கே திரும்பிப் போகும் வழி. அதைத் தீர்வு என்று சொல்லிக் கொடுப்பதை என்னவென்று சொல்ல!

இன்னொரு கூட்டம் அரைகுறையாகப் படித்துவிட்டு, "இன்வோக் போட்டா போர்ட்டை மூடும்போது ஹேங் ஆகுது, ஃபால்ஸே மேல்" என்கிறது. ஹேங் ஆவது உண்மை. ஃபார்மின் த்ரெட் 'க்ளோஸ்' கூப்பிட்டு, நிகழ்வு முடியட்டும் என்று நிற்கிறது. நிகழ்வு இன்வோக் கூப்பிட்டு, ஃபார்மின் த்ரெட் வரட்டும் என்று நிற்கிறது. நீ முதலில், நீ முதலில் என்று இரண்டும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இதற்கு மருந்து 'பிகின்இன்வோக்'. வேலையை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திராமல் போய்விடும். அதுவும் ஒரு வரிதான்!

வைவா பத்து நிமிடம், அதற்கு எதற்கு இவ்வளவு என்பார்கள். பத்து நிமிடம் தாங்கும். இரவு முழுக்க ஓட வேண்டிய ஆய்வகக் கருவிக்கும் இதே கை, இதே வரியைத்தானே எழுதப் போகிறது? பேக்கிரவுண்ட்வொர்க்கர் அதே 2.0இல் வந்தது, சி ஷார்ப்பில் அசிங்க், அவெய்ட் 2012இல் வந்தன, 2024இல் டாட்நெட் 9 'இன்வோக்அசிங்க்' கொடுத்தது. சீனியரின் மந்திரம் மட்டும் மாறவில்லை.

ஆண்ட்ராய்டிலும் இதே விதிதான். வேறு த்ரெட்டிலிருந்து திரையில் இருக்கும் வியூவைத் தொட்டால் செயலி அங்கேயே விழுந்துவிடும், அணைத்து வைக்க ஃபால்ஸ் எதுவும் கிடையாது. அங்கே எல்லோரும் 'ரன்ஆன்யூஐத்ரெட்' என்று ஒழுங்காக எழுதுகிறார்கள். யாருக்கும் கை வலித்ததாகத் தெரியவில்லை :-)