கடலில் பேன் இல்லை

வெப்பக் கடலில் குளித்தெழுந்த சில மணி நேரத்தில் நீச்சலுடைக்கு அடியில் கிளம்பும் சிவந்த, கடுமையாக அரிக்கும் தடிப்பை மருத்துவ நூல்கள் ‘கடற்குளிப்பவர் தடிப்பு’ என்கின்றன. ஃபுளோரிடாவின் தென்கிழக்குக் கரையிலும் பகாமாஸ், கான்கூன் போன்ற கரீபியக் கரைகளிலும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இது வருகிறது; மே மாதத்தில் உச்சம். அந்தக் கரைகளில் ஊரே இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கடல் பேன்’. அந்தப் பெயர் தவறானது, சிகிச்சையையும் தவறாக்குவது.

அந்தக் கரையில் ஒரு விடுதி இந்தப் பருவத்தில் அறைதோறும் வைத்த அச்சிட்ட தாள் இதற்குப் புதிய சாட்சி. கடல் பேன் வந்திருக்கிறது, கரையேறியதும் உடையோடு ஷவரில் நில்லுங்கள், துண்டால் நன்றாக அழுத்தித் தேய்த்துத் துடையுங்கள் என்கிறது அது. ஒரு தாளில் மூன்று செய்தி, மூன்றும் பிழை. பணம் கொடுத்துத் தங்குகிறவரின் உடம்பில் வேதனையைக் கூட்டும் காகிதம் அது.

பேன் கடிக்கிறது என்பவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தடிப்பு ஏன் பெரும்பாலும் துணிக்கு அடியிலேயே வருகிறது? திறந்து கிடக்கும் கையும் காலும் முகமும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நாள் முழுக்கக் கடலில் கிடந்த குழந்தையின் இடுப்பைப் பார்த்தால், எலாஸ்டிக் பதிந்த இடத்தில் சிவப்புப் புள்ளிகள் கோடு கிழித்தாற்போல் வரிசையாக நிற்கும். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி ஒரு புள்ளிகூட இருக்காது. கடிக்க வந்த பூச்சி எதுவும் எலாஸ்டிக்கைத் தேடிப் போகாது.

உண்மைக் காரணம் ‘லினுக்கி உங்கிகுலாட்டா’ என்னும் சின்னஞ்சிறு ஜெல்லி மீனின் இளவுயிரிகள். வளர்ந்த மீன், தையற்காரர் விரலில் மாட்டும் கவசத்தின் அளவும் வடிவமும் கொண்டது. இளவுயிரியோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். தண்ணீரில் மிளகுத்தூள் தூவினாற்போல் மிதக்கும், பெரும்பாலும் கண்ணுக்கே படாது. குளிப்பவர் உடைக்குள் தண்ணீர் புகுந்து வெளியேறும்போது துணி வடிகட்டியாகிறது: தண்ணீர் போய்விடுகிறது, இளவுயிரிகள் தோலுக்கும் துணிக்கும் நடுவே தங்கிவிடுகின்றன. அவற்றின் மேலெல்லாம் கொட்டும் அணுக்கள். ஒவ்வோர் அணுவுக்குள்ளும் சுருட்டி வைத்த நச்சு ஊசி ஒன்று. அழுத்தம் பட்டாலோ, உப்புத்தன்மை திடீரென்று மாறினாலோ ஊசி பாய்ந்துவிடும். ஜெல்லி மீனின் தூரத்து உறவான ஹைட்ராவின் அணுக்களை 2006இல் அதிவேகக் கேமராவால் படம்பிடித்த ஜெர்மானிய ஆய்வாளர்கள், ஊசி வெளிப்பாயும் கட்டத்துக்கு 700 நானோநொடிதான் ஆகிறது என்று கண்டார்கள். தட்டிவிடவோ துடைத்தெறியவோ அவகாசமே இல்லை.

இப்போது விடுதித் தாளுக்குத் திரும்பலாம். உடையோடு நல்ல தண்ணீரில் நின்றால் உப்புத்தன்மை சட்டென்று குறைந்து, அதுவரை சும்மா இருந்த அணுக்களும் வெடிக்கும். துண்டால் அழுத்தித் தேய்த்தால் மிச்சமிருப்பவையும் வெடிக்கும். கடலில் இருக்கும்வரை லேசான குறுகுறுப்போடு போயிருக்க வேண்டியதை இரண்டு வாரத் தொல்லையாக்கிக் கொடுப்பது அந்த ஷவரும் அந்தத் துண்டும்தான். ஈர உடையோடு காரில் ஏறி ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருவதும் அதே வேலையைச் செய்கிறது.

பேன் கட்சியின் கடைசிச் சாக்கு, ‘கடலில் பேன் என்று ஒன்று இருக்கிறதே’ என்பது. இருக்கிறது. நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் சால்மன் பண்ணைகளை வதைக்கும் ஒட்டுண்ணிகளுக்கு அந்தப் பெயர் உண்டு. அவை இறால், நண்டுகளின் தூரத்துச் சொந்தம். மீனின் தோலைத் தின்பவை. மனிதத் தோலில் இந்தத் தடிப்பை உண்டாக்குபவை அவை அல்ல. குளிர்கடல் மீனின் ஒட்டுண்ணியைக் கொண்டுவந்து கான்கூன் கரையில் குளித்தவரின் இடுப்பில் ஏற்றுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. மறுபடி அதே கேள்வி: அது கடித்திருந்தால் எலாஸ்டிக் கோட்டோடு ஏன் நின்றது?

நீர்நிலையில் வரும் வேறொரு அரிப்போடும் இதைக் குழப்புகிறார்கள். பறவைகளையும் நத்தைகளையும் சுற்றிவரும் ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சுகள் தோலைத் துளைப்பதால் வருவது அது. பெரும்பாலும் ஏரிகளில் வரும். திறந்த தோலில் வரும். துணி மூடிய இடத்தை அது விட்டுவிடும், ஜெல்லி மீன் குஞ்சோ துணி மூடிய இடத்தைத்தான் பிடிக்கும். உடையைக் கழற்றி ஒரு நிமிடம் கண்ணாடியில் பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

விஷயம் நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. ஃபுளோரிடாவில் இந்தத் தடிப்பை மருத்துவ இதழில் விவரித்து, பெயரும் வைத்த கட்டுரை 1949இல் வந்தது. லினுக்கியின் பங்கு 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கரையில் ஒரு கடல் அனிமோனியின் இளவுயிரிகளும் இதே தடிப்பைத் தருகின்றன என்பது 1993இல் வெளிவந்தது. 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் பேன் போகவில்லை. தமிழ்க் கரையில் ஜெல்லி மீனுக்குச் ‘சொறிமுட்டை’ என்று பெயர். எது சொறிய வைக்கிறதோ அதன் தலையிலேயே சொறியை ஏற்றிய பெயர் அது. படித்த கரைகள் தவறவிட்டதை வலை இழுப்பவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

பேன் என்றதும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் கூடவே வருகிறது. தடிப்பு வந்த குழந்தையைத் தனியே படுக்க வைக்கிறார்கள், பக்கத்தில் யாரையும் விடுவதில்லை. இது ஆளுக்கு ஆள் தொற்றும் நோயே இல்லை. ஏற்கெனவே அரிப்பில் தூங்காத குழந்தையை ஒதுக்கியும் வைப்பது கொடுமை.

இதற்கு அண்ணன் முறையான இன்னொரு நம்பிக்கை, ஜெல்லி மீன் கொட்டினால் சிறுநீர் ஊற்றுவது. 1997இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் அதைக் காட்டிய பிறகு உலகமே அதை வைத்தியமாக நம்புகிறது. சிறுநீரின் உப்பளவு ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். நீர்த்திருந்தால் நல்ல தண்ணீர் செய்யும் கெடுதலையே செய்யும். மணலை அள்ளித் தேய்ப்பதும் அப்படித்தான். எல்லாக் கொட்டுக்கும் ஒரே மருந்து என்ற நினைப்பே ஆபத்து. வட ஆஸ்திரேலியக் கடலின் பெட்டி ஜெல்லி மீன் சில நிமிடங்களில் ஆளைக் கொல்லக்கூடியது; அதற்கு உடனே வினிகர் ஊற்றி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அதே நாட்டில், நீலப் பை போல மிதந்துவரும் ‘புளூபாட்டில்’ கொட்டினால் வினிகர் வேண்டாம் என்பதும், தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும் என்பதும் முதலுதவி விதி.

உடைக்குள் வந்த தடிப்புக்குச் செய்ய வேண்டியது எளிது. கடலிலிருந்து ஏறியதும் உடையை முதலில் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் குளியல். தேய்க்காமல் தண்ணீரை ஓடவிட்டு, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். அரிப்புக்கு ஐஸ் ஒத்தடம், கலமைன், 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, ஒவ்வாமை மாத்திரை. பெரும்பாலோருக்கு இவையே போதும். குழந்தைகளுக்குக் காய்ச்சல், வாந்தி, தலைவலி சேர்ந்து வரலாம். அப்போது மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. பருவத்தில் கடலில் இறங்கும்போது பாதுகாப்பென்று தொளதொள டி-சர்ட் போடுவது தப்பு. துணி கூடினால் வடிகட்டியும் கூடும்.

எல்லோரும் மறப்பது அந்த உடையை. காய்ந்த பிறகும் துணியிலுள்ள கொட்டும் அணுக்கள் சாவதில்லை. வெறுமே அலசி மடித்து வைத்ததை மறுபடி உடுத்தியவர்களுக்கு, கடலில் இறங்காமலேயே அதே இடுப்பில் அதே கோடு திரும்பி வந்ததுண்டு. சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் துவைத்து, நல்ல சூட்டில் உலர்த்திய பிறகே அதைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.